பழைய பிக்கப்புக்கு எந்த இன்சூரன்ஸ்? வளைகுடாவில் ஒரு சிறு தொழிலாளியின் கணக்கு

ஹைலக்ஸ், நவாரா, எல்200, டி-மேக்ஸ். வளைகுடா நாடுகளின் சிறு தொழில்களைச் சுமப்பவை இந்த நான்கைந்து வண்டிகள்தான். ஏசி மெக்கானிக், பிளம்பர், காய்கறி மொத்த வியாபாரி, கேட்டரிங் நடத்துபவர், கட்டுமானச் சாமான் ஏற்றிப்போகிறவர் என்று யாரை எடுத்தாலும் அவர்களின் முதல் சொத்து பெரும்பாலும் ஒரு பழைய பிக்கப்பாகவே இருக்கும். ஷார்ஜாவின் சூக் அல் ஹராஜிலோ துபாய் அவீர் சந்தையிலோ பத்துப் பன்னிரண்டு வயதான வண்டியாக வாங்கியிருப்பார்கள். இன்ஜின் இன்னும் நன்றாக இருக்கும். பாடியில் துரு இருக்காது. உதிரிபாகம் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை முல்கியா என்ற வண்டிப் பதிவு அட்டையைப் புதுப்பிக்கும்போதுதான் சிக்கல். பாசிங் என்ற வண்டிச் சோதனை முடிந்துவிடும், இன்சூரன்ஸ் கேட்டால், "பத்து வருஷம் தாண்டிடுச்சு, ஃபுல் கிடையாது, தேர்ட் பார்ட்டிதான்" என்பார்கள். அங்கிருந்து எங்கே விலை குறைவோ அங்கே எடுப்பது என்பதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பழைய பிக்கப்புக்கு மலிவான தேர்ட் பார்ட்டியே பெரும்பாலும் சரியான முடிவு. ஆனால் அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும் இரண்டொரு வரிகள் தவறாக இருந்தால், நூறு திர்ஹம் மிச்சம் பிடித்தவர் ஆயுள் முழுதும் அடைக்க முடியாத கடனில் விழலாம். விலையை ஒப்பிடுகிறவர்களில் அந்த வரிகளைப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு என்பதே என் கவலை.

முதலில் ஃபுல் இன்சூரன்ஸ் கிடைக்காததை நினைத்து வருந்த வேண்டுமா என்று பார்ப்போம். அமீரகத்தில் மோட்டார் இன்சூரன்ஸை ஒழுங்குபடுத்துவது, அன்றைய காப்பீட்டு ஆணையம் 2016இல் பிறப்பித்த 25ஆம் எண் முடிவு. 2017 ஜனவரி 1 முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரிப் பாலிசிதான் தர வேண்டும் என்று அது ஆக்கியது. அந்த ஆணையம் பின்னர் மத்திய வங்கியோடு இணைக்கப்பட்டுவிட்டது. பாலிசியின் அமைப்பு தொடர்கிறது. அதன்படி, பழுது பார்க்கும் செலவு வண்டி மதிப்பில் பாதியைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். பணம் கணக்கிடும்போது, பாலிசி எடுத்த நாளிலிருந்து கழிந்த காலத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் என்ற கணக்கில் தேய்மானம் கழிப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் மதிப்பு 20,000 திர்ஹம், ஃபுல் இன்சூரன்ஸ் கட்டணம் 2,000, தவறு நம்முடையதானால் நாம் முதலில் ஏற்க வேண்டிய எக்ஸஸ் 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து வண்டி முழுக்க நொறுங்கினால் தேய்மானம் 2,000, எக்ஸஸ் 1,000 போகக் கைக்கு வருவது 17,000. இது பத்து ஆண்டில் ஒருமுறை நடப்பதாகவே கொள்வோம். பத்து ஆண்டும் ஃபுல் கட்டினால் 20,000 போகும். அதற்குள் வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வரும். தேர்ட் பார்ட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத் தொகையை ஊரில் ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுவந்தால், வண்டி போனால் இன்னொரு பழைய வண்டிக்கு முன்பணம் ஆகும். மதிப்பு 15,000க்குக் கீழே போய்விட்ட பிக்கப்புக்கு, யாராவது ஃபுல் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்றே சொல்வேன். 30,000, 35,000க்கு வாங்கிய ஹைலக்ஸ், அதுவும் கடன் வாங்கி எடுத்தது என்றால் கதை வேறு. அப்போது சில நிறுவனங்களைச் சுற்றிப் பார்த்து ஃபுல் எடுப்பதில் அர்த்தம் உண்டு.

ஆகவே பழைய பிக்கப்பின் இன்சூரன்ஸ் என்பது பிக்கப்பைக் காப்பாற்ற அல்ல. சாலையில் நாம் பிறருக்குச் செய்துவிடக்கூடிய சேதத்திலிருந்து நம்மைக் காப்பாற்றவே அது இருக்கிறது. அந்த வேலையை அமீரகத்தின் தேர்ட் பார்ட்டி பாலிசி நன்றாகவே செய்கிறது. பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கான வரம்பு முன்பு 2,50,000 திர்ஹமாக இருந்தது. 2017இலிருந்து 20 லட்சம் திர்ஹம். ஒரு புதிய ரேஞ்ச் ரோவரில் இடித்தாலும் தாங்கும். உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொல்கிறதோ அதுவே வரம்பு. நம் ஊரோடு ஒப்பிட்டால் இதன் அளவு புரியும். இந்தியாவில் லாரி, வேன்களின் தேர்ட் பார்ட்டி பாலிசி பிறர் சொத்துக்குக் கொடுப்பது 7.5 லட்சம் ரூபாய் வரை. அதற்கே, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு 2022இல் அரசு அறிவித்த ஆண்டுக் கட்டணம் 16,049 ரூபாய்.

உடல் காயம் எவ்வளவு பெரிய தொகையாக மாறும் என்பதற்கு ஒரு வழக்கு போதும். 2019 ஜூன் 6 அன்று மஸ்கட்டிலிருந்து துபாய் வந்த பேருந்து ஒன்று ராஷிதியா மெட்ரோ நிலையத்துக்கு அருகே உயரத் தடுப்பில் மோதியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் இந்தியர்கள். அமீரகச் சட்டப்படி ஒரு உயிருக்கான இரத்தப் பணம் 2,00,000 திர்ஹம். 17 பேருக்கும் சேர்த்து 34 லட்சம் திர்ஹம் கொடுக்க ஓட்டுநருக்கு உத்தரவானது. அதே விபத்தில் மூளையில் பலத்த காயம்பட்டுப் பிழைத்த இந்திய மாணவர் ஒருவருக்கு 50 லட்சம் திர்ஹம் இழப்பீடு உறுதியானதாக 2023இல் செய்தி வந்தது. இறந்தவருக்கு 2 லட்சம், பிழைத்து முடங்கியவருக்கு 50 லட்சம். சாலையில் ஒருவரை இடித்தால் நம் பொறுப்பு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு 500 திர்ஹம் அபராதம், நான்கு கறுப்புப் புள்ளி, ஏழு நாள் பறிமுதல் என்று விதி இருக்கிறது. அபராதம் சிறியது, அது காக்கும் விஷயம் பெரியது.

இப்போது அந்த வரிகளுக்கு வருகிறேன். தேர்ட் பார்ட்டியில் நிறுவனம் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் சில சூழ்நிலைகளில் அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் திருப்பிக் கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது எல்லோருக்கும் தெரிந்தவை. பிக்கப்காரர்களைப் பிடிப்பவை வேறு. வண்டியை எந்த உபயோகத்துக்குப் பதிவு செய்தோமோ அதற்கு மாறாக ஓட்டுவது, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றுவது, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவது, பாலிசி எடுக்கும்போது பொய்த் தகவல் தருவது ஆகியவையே அவை.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது? சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான டபுள் கேபின் வண்டியில் வார இறுதியில் கூலிக்குச் சாமான் மாற்றிக் கொடுப்பார்கள். அல்லது நண்பரின் கம்பெனி பெயரில் இருக்கும் வண்டியை, அந்தக் கம்பெனியோடு சம்பந்தமில்லாத இன்னொருவர் தன் தொழிலுக்கு ஓட்டுவார். டைப்பிங் சென்டரில் "கமர்ஷியல்னு போட்டா இருநூறு முந்நூறு கூட வரும், பிரைவேட்னே போட்டுடலாமா" என்று கேட்பார்கள். தலையாட்டினால் ஆண்டுக்கு முந்நூறு மிச்சம். விபத்தில் ஒருவர் இறந்தால் 2,00,000 திர்ஹம், அதற்கு மேல் நீதிமன்றம் சொல்லும் இழப்பீடு, எல்லாவற்றையும் நிறுவனம் கொடுத்துவிட்டு இவரிடம் வசூலிக்க வரும். கட்ட முடியாவிட்டால் பயணத் தடை வரை போகலாம். மலிவாகக் கிடைக்கும் என்று பொய் சொல்லி வாங்கும் பாலிசிதான் வளைகுடாவிலேயே விலை கூடிய பாலிசி. உண்மையான உபயோகத்தைச் சொல்லி, அந்த முந்நூறைக் கட்டிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வாக்கியத்தை மட்டும் யாராவது நினைவில் வைப்பதானால் அது இதுவாக இருக்கட்டும்.

அடுத்தது ஓட்டுநர். தேர்ட் பார்ட்டி என்ற பெயரிலேயே இருக்கிறது, அது மூன்றாம் ஆளுக்கானது. தவறு நம்முடையது என்றால், நமக்குக் கை கால் போனாலும் உயிர் போனாலும் அந்தப் பாலிசி நம் குடும்பத்துக்கு ஒரு திர்ஹமும் தராது. இதைத் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு சேர்ப்பு உண்டு. இறந்தால் 2,00,000 திர்ஹம் வரை கிடைக்கும். ஓட்டுநருக்கு 120 திர்ஹம், பயணி ஒருவருக்கு 30 திர்ஹம் என்ற அளவிலேயே பல நிறுவனங்கள் இதைத் தருகின்றன. கீழக்கரையிலோ பெரம்பலூரிலோ ஒரு குடும்பம் ஒருவரின் சம்பளத்தை நம்பியிருக்கும்போது, மாதம் பத்துத் திர்ஹம் கணக்கில் வரும் இதை யாரும் தவிர்க்கக் கூடாது. விலையைக் குறைத்துக் காட்டுவதற்காக ஆன்லைன் ஒப்பீட்டுத் தளங்களில் இது டிக் செய்யப்படாமல் வரலாம். நீங்களே டிக் செய்ய வேண்டும். வண்டியில் ஏற்றிப்போகும் சொந்தப் பணியாளர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனி. அது மோட்டார் பாலிசிக்குள் வராது.

மூன்றாவது மழை. 2024 ஏப்ரல் 16இல் பெய்தது அமீரகத்தின் 75 ஆண்டுப் பதிவுகளில் காணாத மழை. அல் ஐன் பகுதியில் கத்ம் அல் ஷக்லா என்னுமிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல். ஷார்ஜாவிலும் துபாயிலும் நின்ற இடத்திலேயே வண்டிகள் மூழ்கின. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபுல் வைத்திருந்தவர்களிலும், தண்ணீர் நிற்பது தெரிந்தே ஓட்டிப்போய் இன்ஜினுக்குள் நீர் புகவிட்டவர்களின் கோரிக்கைகள் சர்ச்சைக்குள்ளாயின. வெள்ளம் ஓடும் வாதி என்ற பள்ளத்தாக்குக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், 23 கறுப்புப் புள்ளி, 60 நாள் பறிமுதல் என்று 2023லேயே விதி வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மழைக்குப் பிறகு பிரீமியம் பரவலாக ஏறியது. பழைய வண்டிக்காரர் இதில் செய்யக்கூடியது எளிது. மழை எச்சரிக்கை வந்தால் பேஸ்மென்டில் நிறுத்தாமல் மேட்டில் நிறுத்துவது. இன்னொன்று, அந்த மழைக்குப் பின் சந்தைக்கு வந்த செகண்ட் ஹேண்ட் வண்டியை வாங்குவதற்கு முன், சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துச் சேறு படிந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பது.

விலை எதனால் ஏறுகிறது, எங்கே இறங்கும்? வண்டியின் வயதைவிட ஓட்டுநரின் வயதும் விபத்து வரலாறும் அதிகம் பேசுகின்றன. 25 வயதுக்குக் கீழ் இருந்தாலோ, லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகாவிட்டாலோ கட்டணமும் எக்ஸஸும் கூடும். விபத்துக் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குத் தள்ளுபடி உண்டு. ஆனால் கம்பெனி மாறும்போது பழைய நிறுவனத்திடமிருந்து அதற்கான சான்றிதழை நாமே கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் தரமாட்டார்கள். இரண்டு மூன்று வண்டிகள் இருந்தால் ஒரே நிறுவனத்தில் ஃப்ளீட்டாக எடுத்துப் பேரம் பேசலாம். அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ இறக்குமதியான எஃப்-150 போன்ற வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: வளைகுடா ஸ்பெக் அல்லாத வண்டிக்குப் பல நிறுவனங்கள் ஃபுல் தருவதில்லை, தந்தாலும் விலை கூடும். டயர் ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் பாசிங்கில் நிற்கும். பழைய டயரோடு சாலையில் பிடிபட்டால் 500 திர்ஹம் அபராதமும் ஏழு நாள் பறிமுதலும்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஒப்பீட்டுத் தளம், நிறுவனத்தின் ஆப், தெரிந்த புரோக்கர் என எல்லாமே சரிதான். பணம் மட்டும் நிறுவனத்துக்கே நேரடியாகப் போக வேண்டும். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய வங்கியின் புரோக்கர் விதிகளும் இந்தத் திசையில்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் பாதி விலைக்குப் பாலிசி தருகிறேன் என்று தனியாள் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். அசல் பாலிசி போக்குவரத்துத் துறையின் கணினியில் ஏறிவிடும். ஏறவில்லை என்றால் முல்கியா புதுப்பிக்க முடியாது. அதுவே நல்ல சோதனை. அமீரகப் பாலிசி 13 மாதத்துக்கு வரும், அந்தக் கடைசி மாதம் புதுப்பிக்கும் அவகாசத்துக்கானது. அந்த மாதத்தின் கடைசி நாளில் ஓடி வாங்கினால் கேட்ட விலை கொடுக்க வேண்டியதுதான். பிரீமியத்தின் மேல் 5 சதவீத வாட் வரும் என்பதையும் ஒப்பிடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற வளைகுடா நாடுகளில் அடிப்படை ஒன்றுதான், நடைமுறை வேறு. சவூதியில் தேர்ட் பார்ட்டியின் வரம்பு ஒரு கோடி ரியால். விபத்து நடந்தால் ஆள் காயம் இல்லாத இடங்களுக்கு நஜ்ம் வந்து யார் பக்கம் தவறு என்று தீர்மானிக்கும், சேத மதிப்பைத் தக்தீர் சொல்லும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகளை 2023 அக்டோபர் 1 முதல் கணினியே கண்டுபிடித்து அபராதம் போடுகிறது. அங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டியது, வண்டி கஃபீல் (ஸ்பான்சர்) பெயரில் இருந்து ஓட்டுவது நாமாக இருந்தால், அப்ஷர் என்ற அரசுத் தளத்தில் உண்மையாகப் பயன்படுத்துபவர் என்று நம் பெயர் ஏறியிருக்கிறதா என்பது. வாட்டும் அங்கே 15 சதவீதம். பஹ்ரைனில் 1987இன் 3ஆம் எண் சட்டமே தேர்ட் பார்ட்டியைக் கட்டாயமாக்கிவிட்டது. ஓமானில் சிறு விபத்துகளைப் போலீஸ் இல்லாமல், இரண்டு ஓட்டுநர்களும் ஒரு படிவம் நிரப்பித் தத்தம் நிறுவனங்களிடம் கொடுத்து முடித்துக்கொள்ளும் வழி உண்டு. புயலும் வெள்ளமும் அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2007இல் கோனு, 2021இல் ஷாஹீன். அமீரகத்திலிருந்து சலாலாவுக்கு பிக்கப்பில் போகிறவர்கள் ஆரஞ்சு கார்டு எடுக்காமல் எல்லை தாண்டக் கூடாது. 1975இல் துனிஸ் நகரில் அரபு நாடுகள் செய்த உடன்பாட்டிலிருந்து வந்தது அது. அங்கே நாம் யாரையாவது இடித்தால் அந்த கார்டுதான் பேசும்.

இனி, நம் வண்டியை வேறொருவர் வந்து இடித்தால்? அமீரகத்தில் போலீஸ் காகிதம் இல்லாமல் எந்த கராஜும் கை வைக்காது. ஷார்ஜாவில் ராஃபித், அபுதாபியில் சாஎத் வந்து எழுதித் தருவார்கள். தவறில்லாதவருக்குப் பச்சைக் காகிதம், தவறு செய்தவருக்குச் சிவப்பு. பச்சைக் காகிதம் கையில் இருந்தும் பழைய பிக்கப்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எதிர் நிறுவனம் வண்டியை டோட்டல் லாஸ் என்று சொல்லி, சந்தை விலைக்கும் கீழே ஒரு தொகையை நீட்டும். வேலை நின்றுபோன பதற்றத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். அதே ஆண்டு, அதே மாடல், அதே கிலோமீட்டர் அளவில் சந்தையில் விற்கும் மூன்று நான்கு வண்டிகளின் விலையை எடுத்து, எழுத்தில் அனுப்பிக் கூட்டிக் கேளுங்கள். லைசென்ஸ் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் மதிப்பீடும் வாங்கலாம். வண்டியைப் பழுது பார்த்தால், பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் போடும்போது தேய்மானம் கழிப்பது விதியில் இருப்பதுதான். ஆனால் அது பாகத்துக்கு மட்டும், லேபருக்கு அல்ல.

நிறுவனம் மறுத்தால் முதலில் அதனிடமே எழுத்தில் புகார், பின்னர் மத்திய வங்கியின் கீழ் இயங்கும் சனதக். 2023இல் தொடங்கிய இந்த அமைப்பிடம் போகாமல் இன்சூரன்ஸ் வழக்கை நீதிமன்றம் நேராக எடுத்துக்கொள்ளாது. வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம். அரபி தெரியாதது தடையாகக் கூடாது, ஆங்கிலத்திலும் எழுதலாம். நம்மவர்கள் இந்த வழியைப் பயன்படுத்துவது மிகக் குறைவு. எதிர்த்துக் கேட்டால் விசாவுக்குப் பிரச்சினை வரும் என்ற அச்சம் அதற்குக் காரணம். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மீது புகார் கொடுப்பது விசாவோடு சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல.

கட்டுப்பாட்டாளர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடு இன்று விருப்பத் தேர்வாக இருக்கிறது. பழைய வண்டி ஓட்டுகிறவர்தான் அதிகம் ஆபத்தில் இருப்பவர். ஏர்பேக் இல்லாத, பிரேக் தேய்ந்த வண்டிகள் இவர்களுடையவை. குறைந்த விலைக்காக அந்த டிக்கை எடுத்துவிடுகிறவரும் அவரே. வேண்டாம் என்று கையெழுத்திட்டால் மட்டுமே விலகும்படி, எல்லாத் தேர்ட் பார்ட்டி பாலிசிகளிலும் அதை முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். நிறுவனங்களுக்கு நட்டமில்லை, அரசுக்குச் செலவில்லை. அந்த மாற்றம் வரும்வரை, அடுத்த முறை முல்கியா புதுப்பிக்கும்போது பாலிசியில் "உபயோகம்" என்ற கட்டத்தில் உண்மை எழுதியிருக்கிறதா, ஓட்டுநர் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். உங்கள் அறையில் இருக்கும் மற்ற ஓட்டுநர்களிடமும் சொல்லுங்கள்.